ஏஐ சொன்னால் ரியாக்ட்தானா?

புது ப்ராஜெக்ட் என்றால் முன்பெல்லாம் எங்கள் டீமில் பெரிய சண்டையே நடக்கும். வெப் பக்கம் கட்ட எந்த டூல், ரியாக்ட்டா, ஆங்குலரா, வ்யூவா, இல்லை பேசாமல் பிஎச்பியிலேயே முடித்துவிடலாமா என்று தரமணி டீக்கடையில் ஆரம்பித்த பேச்சு ஓஎம்ஆர் டிராஃபிக்கில் சோழிங்கநல்லூர் போய்ச் சேரும்வரை ஓடும். இப்போது ஏஐயிடம் "ஒரு டேஷ்போர்டு போட்டுக் கொடு" என்று சொன்னால் போதும், பெரும்பாலும் அது எதுவும் கேட்காமல் ரியாக்ட்டும், பக்கத்தின் தோற்றத்துக்கு டெயில்விண்டுமாக எழுதித் தந்துவிடுகிறது, நாமும் சரி என்று எடுத்துக்கொள்கிறோம். முடிவெடுத்தது யார்? எனக்கு அதுதான் உறுத்துகிறது.

காரணம் ஊரறிந்ததுதான். ரியாக்ட் 2013-ல் வெளிவந்தது. அன்றிலிருந்து உலகம் முழுக்க எழுதிக் குவித்த புரோகிராம் கோடு, டுடோரியல், கேள்வி பதில் எல்லாம் ஏஐயின் பயிற்சித் தரவில் போய்ச் சேர்ந்திருக்கிறது. எது அதிகம் கிடக்கிறதோ அதுதான் அதன் வாயில் முதலில் வரும், அது நல்லதா என்பது வேறு கணக்கு.

ரியாக்ட்டுக்குப் போட்டியான ஸ்வெல்ட்டில் வேலை செய்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், புலம்புவார்கள். 2024 அக்டோபரில் ஐந்தாம் பதிப்பு வந்தபோது ரூன்ஸ் என்று எழுதும் முறையையே மாற்றிவிட்டார்கள், ஆனால் கொஞ்சம் அசந்தால் ஏஐ பழைய முறையான 'எக்ஸ்போர்ட் லெட்'டுக்கே போய்விடும், ஒரே கோப்பில் பாதி பழசும் பாதி புதுசுமாகக் கலந்து வைத்து கோடைச் சரிபார்த்து மாற்றித் தரும் கம்பைலரிடம் திட்டு வாங்கித் தரும். டெயில்விண்டிலும் இதே கதைதான். 2025 ஜனவரியில் வந்த நான்காம் பதிப்பில் செட்டிங்கை சிஎஸ்எஸ்ஸிலேயே எழுதிவிடலாம், செட்டிங் கோப்பை உருவாக்கித் தந்த பழைய இனிட் கமாண்டு ஓடவே ஓடாது, அப்படியும் ஏஐ அதையே நீட்டும். பாவம் ஜூனியர், தன் லேப்டாப்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து டவுன்லோடு செய்த துணைக் கோடெல்லாம் கிடக்கும் நோட் மாட்யூல்ஸை அழித்து அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்துகொண்டிருப்பான்.

என் டீமிலேயே ஒருவர் இதை மறுக்கிறார். "ஏஐக்கு நன்றாகத் தெரிந்த டூலையே எடுங்க சார், டெலிவரிதானே முக்கியம்" என்கிறார். கிளையன்ட் வேலைக்கு அது நியாயம்தான், நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் எல்லோரும் அப்படியே செய்தால் ரியாக்ட் கோடு இன்னும் பெருகும், அடுத்த மாடல் அதையும் சேர்த்துத் தின்னும், புதிதாக வருகிற டூல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

அடுத்தது, அந்தத் தரவு யாருடையது என்கிற கோபம். புரோகிராமர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டேக் ஓவர்ஃப்ளோவில் வரும் பதில்களுக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உண்டு, எடுத்தால் எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும். 2024 மே மாதம் அந்தத் தளம் சாட்ஜிபிடி செய்கிற ஓபன்ஏஐயோடு ஒப்பந்தம் போட்டதும் சிலர் கொதித்துப்போய்த் தங்கள் பதில்களை அழிக்கப் பார்த்தார்கள், தளமோ அவர்கள் கணக்கையே கொஞ்ச நாள் முடக்கியது. கோடு சேமிக்கும் தளமான கிட்ஹப்பின் ஏஐ உதவியாளர் கோபைலட் மேல் இதே மாதிரிப் புகாரில் 2022 நவம்பரிலேயே சான் பிரான்சிஸ்கோவில் வழக்கு போட்டாயிற்று. பெயர் சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் கட்சியும், ஆனாலும் என் பழைய பதில்களை எடுத்துவிட்டார்களே என்று எனக்குத் தூக்கம் கெடவில்லை.

எனக்குப் பெரிய கவலை, இனிமேல் பதில் எழுதப்போவது யார் என்பதுதான். முன்பு ஒருத்தன் மாட்டிக்கொண்டால் பொதுவில் கேட்பான், அவனுக்கு வந்த பதில் ஆயிரம் பேருக்கு உதவும். இப்போது சாட் ஜன்னலில் கேட்கிறான், பதில் கிடைத்ததும் ஜன்னலை மூடிவிடுகிறான், அதோடு போயிற்று. அதனால் டீமில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: ஏஐ சொதப்பிய இடத்தில் சரியான வழி கிடைத்தால், கிளையன்ட் விஷயம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, அதை கிட்ஹப்பில் பொதுவாக எழுதி வைக்க வேண்டும். தமிழில் எழுதினாலும் சரிதான். பாதிப் பேர் செய்வதில்லை, வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் நான் நச்சரித்துக்கொண்டே இருக்கிறேன்.