ரிப்பீட் எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி

மண்டை எக்ஸ்ரேவில் ஒரு மாணவரை மதிப்பிட நிற்கும்போது நான் முதலில் பார்ப்பது அவருடைய கைகளைத்தான். தலையைப் படமெடுப்பதில் எல்லாக் கணக்கும் விரலால் தொட்டு எலும்பைக் கண்டுபிடிப்பதில்தான் தொடங்குகிறது. கண்ணின் வெளி ஓரத்திலிருந்து காதுத் துவாரத்துக்குப் போகும் ஓஎம்எல் கோடு, கண்குழியின் கீழ் விளிம்பிலிருந்து அதே துவாரத்துக்குப் போகும் ஐஓஎம்எல் கோடு, இரண்டு கண்மணிகளையும் சேர்க்கும் கோடு, தலையை இடம் வலமாகப் பிரிக்கும் நடுத்தளம். இதில் ஒன்றுகூட யார் முகத்திலும் வரைந்து வைத்திருக்காது. மாணவர்தான் மனதில் வரைந்துகொள்ள வேண்டும்.

நன்றாகத் தயாராகி வந்தவர் "உங்க முகத்தைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்கணும், சரிங்களா?" என்று கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, விரல் நுனியால் கண்குழியின் ஓரத்தைத் தேடுவார். அப்புறம் இரண்டு காதுத் துவாரங்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பின்னால் போய் நின்று பார்ப்பார். தடுமாறுகிறவர் தூரத்தில் நின்றபடி மூக்கை மட்டும் வைத்து நடுக்கோட்டைத் தீர்மானித்துவிடுவார். மூக்கு நேராக இல்லாதவர்கள் எத்தனையோ பேர். முகத்தில் அடிபட்டு வந்தவருக்கு மூக்கே இடம் மாறியிருக்கலாம், வீக்கத்தில் ஒரு கண் மூடியிருக்கலாம். அப்போது எதை நம்பி நேர்ப்படுத்துவது என்பதுதான் உண்மையான கேள்வி. காதையும் கண்குழியின் எலும்பு விளிம்பையும் நம்பலாம் என்பது விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போதைய மாணவர்களுக்கு மண்டைப் படம் எடுத்துப் பழகும் வாய்ப்பு குறைவு என்பதை நான் மறப்பதில்லை. 1971இல் சிடி ஸ்கேன் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டபோது, படமெடுக்கப்பட்டதே தலைதான். அதன்பிறகு தலைக்காயம் மெல்ல மெல்லச் சிடி அறைக்குப் போய்விட்டது. அது சரியானதும்கூட. எலும்பில் விரிசல் இருக்கிறதா என்பதைவிட உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறதா என்பதே உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. அதற்குச் சாதாரண எக்ஸ்ரே பதில் சொல்லாது. சைனஸ் படங்களும் குறைந்துவிட்டன. விளைவாக, நெஞ்சு எக்ஸ்ரேயைத் தூக்கத்தில்கூட எடுத்துவிடும் மாணவர், பின்மண்டையைக் காட்டும் டவுன்ஸ் வியூவைப் பாடநூலில் மட்டுமே பார்த்திருப்பார். சும்மா பழகுவதற்காக ஒருவர் மேல் கதிர்வீச்சைச் செலுத்த முடியாது, கூடவும் கூடாது. அதனால் ஒருவரை ஒருவர் பொசிஷன் செய்து பார்ப்பதும், எக்ஸ்போஷர் கொடுக்கப் பொம்மைத் தலையைப் பயன்படுத்துவதுமாகப் பயிற்சி நடக்கிறது.

பொம்மைத் தலை நல்ல ஆசிரியர்தான். அசையாது, மூச்சு விடாது, எத்தனை முறை வேண்டுமானாலும் படம் எடுக்கலாம். ஆனால் அதற்குக் கழுத்து வலிக்காது. படம் பதியும் பலகையில் மூக்கை அழுத்தி நிற்கும்போது மூச்சு முட்டுகிறது என்று சொல்லாது. பல்செட், மூக்குத்தி, கொண்டை ஊசி, காது கேட்கும் கருவி எதையும் அது அணிந்து வராது. பொம்மையில் மட்டும் தேறிய ஒருவரை, முகம் வீங்கி, கழுத்துப் பட்டையோடு தள்ளுபடுக்கையில் வரும் நோயாளியிடம் அனுப்பலாமா என்பதற்கு அந்த மதிப்பெண்ணில் பதில் கிடையாது.

மருத்துவக் கல்வியில் இதைப் பற்றி நிறையவே யோசித்திருக்கிறார்கள். 1975இல் ரொனால்ட் ஹார்டனும் அவருடன் இருந்தவர்களும் ஓஎஸ்சிஇ என்ற தேர்வு முறையைக் கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு பணி, ஒரே மாதிரியான பட்டியல், எல்லோருக்கும் ஒரே நேரம். 1990இல் ஜார்ஜ் மில்லர் திறமையை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார்: தெரிந்திருப்பது, எப்படி என்று தெரிந்திருப்பது, செய்து காட்டுவது, வேலையில் நிஜமாகவே செய்வது. நாங்கள் தேர்வில் பார்ப்பது பெரும்பாலும் மூன்றாவது படியை. நான்காவது படியைப் பார்க்க வேண்டுமென்றால் வார்டு வேலையில் கூடவே நிற்க வேண்டும், அதிலும் மண்டைப் படம் வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும்.

என் கையில் இருக்கும் பட்டியலில் பெயரைச் சரிபார்த்தாரா, உலோகப் பொருள்களைக் கழற்றச் சொன்னாரா, இடது வலது காட்டும் மார்க்கர் வைத்தாரா, கதிர் விழும் பரப்பைக் கட்டுப்படுத்தும் கோலிமேட்டரைச் சுருக்கினாரா என்று வரிசையாக இருக்கும். இவை எல்லாமே தேவை. சிலவற்றில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஆளை மாற்றிவிட்டாலோ, கன்ன எலும்பு முறிவுப் படத்தில் இடது வலது மார்க்கரை மாற்றி வைத்தாலோ, மற்ற எல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அன்றைக்குத் தேர்ச்சி இல்லை. கழுத்தெலும்பில் காயம் இல்லை என்று உறுதியாவதற்கு முன் தலையைத் திருப்பப் போகும் கையை நானே பிடித்து நிறுத்துவேன். அங்கே தேர்வு முக்கியமில்லை, நோயாளிதான் முக்கியம்.

ஆனால் இந்தப் பட்டியல் முழுவதிலும் டிக் வாங்கிய மாணவர், தனக்கு வந்த படத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். மண்டைப் படத்தில் இது பெரிய ஆபத்து. கை எக்ஸ்ரேயில் கொஞ்சம் கோணல் இருந்தால் ஏதோ ஒரு தகவல் கிடைத்துவிடும். தலையில் சில டிகிரி மாறினால், உள்காதைச் சுற்றியிருக்கும் கெட்டியான பெட்ரஸ் எலும்பு வேறோர் இடத்தில் போய் விழுந்து, பார்க்க வேண்டியதையே மறைத்துவிடும். அதைவிட, முதல் படம் அதிர்ஷ்டத்தில் சரியாக வந்துவிடுவதும் உண்டு. அதனால் முதல் படத்தை மட்டும் வைத்து நான் முடிவெடுப்பதில்லை. படம் திரையில் வந்ததும் ஒரே கேள்விதான்: "இதுல என்ன தெரியுது, மாத்தணும்னா எதை, எந்தப் பக்கம், எவ்வளவு?"

ஒரு மாணவி லேட்டரல், அதாவது பக்கவாட்டுப் படம், எடுத்திருந்தார். படம் சுமார்தான். இரண்டு கண்குழிக் கூரைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியாமல் மேலும் கீழுமாக இரட்டைக் கோடாகத் தெரிந்தன. அவர் திரைக்குப் பக்கத்தில் போய், பேனா மூடியால் அந்த இரண்டு கோடுகளையும் தொட்டார். பிறகு தாடையின் பின்விளிம்புகளைப் பார்த்தார். அவை ஒன்றாகப் படிந்திருந்தன. "மேடம், முன்னும் பின்னுமாப் பிரியல, மேலயும் கீழயுமாத்தான் பிரிஞ்சிருக்கு. அப்போ தலை திரும்பல, சாஞ்சிருக்கு. கண்மணிக் கோடு பலகைக்குச் செங்குத்தா இல்ல" என்றார். உடனே நோயாளியிடம் போய், உச்சந்தலையில் ஒரு கையும் தாடைக்குக் கீழே ஒரு கையும் வைத்து, சாய்வை மட்டும் சரி செய்தார். வேறு எதையும் தொடவில்லை. அந்த 'வேறு எதையும் தொடவில்லை' என்பதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுத்தேன். எது தப்பு என்று தெரியாதவர்கள் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். சரியாக இருந்ததும் அதில் போய்விடும்.

நேர்ப்படத்திலும் இதே மாதிரிதான். கண்குழியின் வெளி ஓரத்துக்கும் மண்டையின் விளிம்புக்கும் இடையே உள்ள தூரம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். வலது பக்கம் தூரம் அதிகமென்றால் முகம் இடது பக்கம் திரும்பியிருக்கிறது. கால்டுவெல் வியூ என்ற நேர்ப்படத்தில், கதிர் வரும் டியூபை 15 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்தால் பெட்ரஸ் விளிம்புகள் கண்குழியின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் இருக்க வேண்டும். டியூபைச் சாய்க்காவிட்டால் அவை கண்குழியையே நிரப்பிவிடும். இப்படி ஒவ்வொரு வியூவிலும் பெட்ரஸ் எங்கே விழ வேண்டும் என்பதே மாணவருக்கு நிலையான அடையாளம். யூஜின் கால்டுவெல் கதிர்வீச்சின் பாதிப்பால் 1918இல் இறந்தவர். அவர் பெயரில் இருக்கும் வியூவைச் சொல்லிக் கொடுக்கும்போதெல்லாம் இதையும் சொல்கிறேன். ஒவ்வொரு ரிப்பீட்டும் நோயாளியின் கண்ணுக்குள் போகும் இன்னொரு டோஸ் என்பது அப்போது மாணவர்கள் மனதில் நிற்கிறது. முகம் பலகையைப் பார்த்திருக்க எடுத்தால் கண் வில்லைக்குப் போகும் டோஸ் வெகுவாகக் குறையும். முடிந்த இடத்திலெல்லாம் கதிர் முன்னிருந்து போகும் ஏபியை விட்டு, பின்னிருந்து போகும் பிஏ எடுக்கச் சொல்வதற்கு அதுவே காரணம்.

டவுன்ஸ் வியூதான் யோசிக்கிறவரையும் மனப்பாடம் செய்தவரையும் சட்டென்று பிரித்துக் காட்டும். நோயாளி முகவாயை நெஞ்சுப் பக்கம் இறக்கி, ஓஎம்எல் பலகைக்குச் செங்குத்தாக வந்தால் டியூப் 30 டிகிரி. இதை எல்லோரும் சொல்வார்கள். வயதானவர், கழுத்து மடங்கவில்லை, அப்போது? சிலர் முகவாயைப் பிடித்து அழுத்துவார்கள். அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது. ஓஎம்எல்லுக்கும் ஐஓஎம்எல்லுக்கும் இடையே 7 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வித்தியாசம். ஐஓஎம்எல்லைச் செங்குத்தாக வைத்துக்கொண்டு டியூபை 37 டிகிரிக்குக் கொண்டுபோனால் போதும். நோயாளியின் கழுத்தை வளைப்பதற்குப் பதில் டியூபைச் சாய்ப்பது. படத்தில் டார்சம் செல்லே என்ற சிறிய எலும்புச் சுவர், மண்டையின் அடியில் இருக்கும் பெருந்துளைக்குள் தெரிந்தால் சரி. துளைக்கு மேலே நின்றால் சாய்வு போதவில்லை.

கன்னத்து சைனஸ்களைப் பார்க்க எடுக்கும் வாட்டர்ஸ் வியூவிலும் இதே 37 வரும். அங்கே அது டியூபின் சாய்வு இல்லை, ஓஎம்எல் பலகையோடு உண்டாக்கும் கோணம். இரண்டையும் குழப்பிக்கொள்ளும் மாணவர்கள் வருடந்தோறும் இருக்கிறார்கள், அதற்காக அவர்களைக் கோபிப்பதில் அர்த்தமில்லை. எண்ணை மட்டும் கேட்டால் எண்ணைத்தான் மனப்பாடம் செய்வார்கள். "பெட்ரஸ் சைனஸின் கீழ்ப்பகுதியை மறைக்குது, இப்போ முகவாயைத் தூக்கணுமா இறக்கணுமா?" என்று கேட்டால் யோசித்தே ஆக வேண்டும். தூக்க வேண்டும்; தலை பின்னால் சாயச் சாய பெட்ரஸ் கீழே இறங்கும். சைனஸில் நீர் மட்டம் தெரிய வேண்டுமானால் நோயாளி நிமிர்ந்திருக்க வேண்டும், கதிர் தரைக்குச் சமமாகப் போக வேண்டும். படுத்த நிலையில் மேலிருந்து எடுத்த படத்தில் அந்த மட்டம் தெரியாது. அடிபட்டுப் படுத்திருப்பவருக்குப் பக்கவாட்டில் கிடைமட்டக் கதிரில் லேட்டரல் எடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான். மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கும் ஸ்பீனாய்டு சைனஸில் தெரியும் ஒரு நீர் மட்டம், மண்டையின் அடிப்பகுதி முறிவுக்கு அந்தப் படத்தில் கிடைக்கும் ஒரே தடயமாக இருக்கலாம்.

ரிப்பீட் வேண்டாம் என்று சொல்லத் தெரிவதும் திறமைதான். கேட்ட கேள்விக்கு, உதாரணமாக கன்ன எலும்பின் முறிவுக்கு, படம் பதில் சொல்லிவிட்டது. கொஞ்சம் திருப்பம் மட்டும் இருக்கிறது. இதை விட்டுவிடலாம் என்று காரணத்தோடு சொல்லும் மாணவரை, அழகுக்காக இன்னொரு முறை எடுக்கும் மாணவரைவிட நான் மேலே வைப்பேன். டிஜிட்டல் கருவிகளில் ரிப்பீட் ஒரு பட்டன் தூரத்தில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னொன்று: எடுத்தபிறகு திரையில் ஓரங்களை வெட்டிவிட்டால், கோலிமேட்டரைத் திறந்தே வைத்திருந்தது மறைந்துவிடும். அதனால் வெட்டாத படத்தைத்தான் காட்டச் சொல்வேன்.

தேர்வு நடக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு இன்றும் கடினம். மாணவரின் கை தவறான பக்கம் போகும்போது புருவத்தை உயர்த்தினால்கூடப் போதும், அவர் கண்டுபிடித்துவிடுவார். அப்படிச் செய்தால் அவருக்கு என்ன தெரியும் என்பது எனக்குத் தெரியாமலே போய்விடும். நோயாளிக்கு ஆபத்து இல்லாதவரை பேசாமல் நிற்கிறேன்.

மதிப்பிடுகிறவர்களுக்குள் வரும் வேறுபாடு மாணவரைப் பாதிக்கக் கூடாது என்பதிலும் எனக்குப் பிடிவாதம் உண்டு. வாட்டர்ஸுக்கு 37 டிகிரி என்று சொல்லும் பாடநூலும் இருக்கிறது, 45 என்று சொல்வதும் இருக்கிறது. ஒன்றைப் படித்த மாணவர் மற்றதைப் படித்த தேர்வாளரிடம் மாட்டிக்கொண்டால் அது நியாயமே இல்லை. அதனால் தேர்வுக்கு முன் நாங்கள் எல்லோரும் பழைய படங்களைத் திரையில் போட்டு, பேசிக்கொள்ளாமல் தனித்தனியாக மதிப்பெண் போடுகிறோம். பிறகு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். எங்கே அதிகம் மாறுகிறதோ அந்தப் படத்தைப் பற்றி மட்டும் பேசுகிறோம். வாட்டர்ஸில் எங்கள் வாக்குவாதம் இப்படித்தான் முடிந்தது: கோணம் எத்தனை என்று கேட்க வேண்டாம், பெட்ரஸ் விளிம்பு சைனஸின் தரைக்குக் கீழே இருக்கிறதா, இல்லையென்றால் எப்படிச் சரி செய்வது என்று மாணவர் சொல்கிறாரா என்று மட்டும் பார்ப்போம். இந்த வருடத் தாளில் அந்த வரி அப்படியே இருக்கிறது.