எம்டனின் படகுகள்

அக்டோபர் 6, 2024, ஞாயிறு

எம்டன் மாடலுடைய ஹல்லின் (கப்பல் உடலின்) இரண்டு பாதிகளும் ஒட்டிக் காய்ந்துவிட்டன. ரப்பர் பேண்டுகளைக் கழற்றி மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். முதல் உலகப் போரில் மெட்ராஸ்மேல் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் இது. நிஜக் கப்பல் 118 மீட்டர் நீளம். 350-இல் ஒரு பங்கு என்றால் 34 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அணியம் தண்ணீருக்கடியில் முன்னால் துருத்திக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்துப் போர்க்கப்பல்களின் மோதுமூக்கு அது. அதில் ஒட்டு தெரியவே கூடாது. புட்டி வைத்து, காயவிட்டு, வாட்டர் பேப்பரில் 400, 800, 1200 என்று இறங்க வேண்டும். அவசரமே இல்லை.

"முடிச்சு எங்கங்க வைப்பீங்க?" என்றாள் மனைவி.
"பையன் ரூம்ல."
"அவன் வந்தா?"
"வந்தா அவன் சொல்லட்டும் எங்க வைக்கறதுன்னு."

அக்டோபர் 7

வெள்ளையா, சாம்பலா? சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தில் நின்ற நாட்களில் எம்டன் வெள்ளை. மேல்கட்டும் புகைபோக்கிகளும் காவி கலந்த மஞ்சள். 'கிழக்கின் அன்னம்' என்று பெயர் வாங்கியது அந்த நிறத்தில்தான். 1914-இல் போர் வந்ததும் சாம்பல் பூசிவிட்டார்கள். மெட்ராஸுக்கு வந்தது சாம்பல் கப்பல்.

அவளுக்கு வெள்ளைதான் பிடித்திருக்கிறது. எனக்கும் பிடிக்கும். ஆனால் எந்த நாளின் கப்பலைச் செய்கிறேன் என்று முடிவு செய்யாமல் நிறத்தைத் தொட முடியாது.

அக்டோபர் 9, புதன்

1914-இல் இதே தேதியில் எம்டன் இந்தியப் பெருங்கடலில் டியேகோ கார்சியா தீவில் நின்றது. அந்தத் தீவுக்காரர்களுக்குப் போர் தொடங்கிய செய்தியே வந்து சேரவில்லை. ஜெர்மன்காரர்களும் சொல்லவில்லை. ஒரு பக்க அறைகளில் தண்ணீர் விட்டுக் கப்பலைச் சாய்த்து, அடிப்பாகத்தில் ஒட்டியிருந்த பாசியையும் சிப்பியையும் சுரண்டினார்கள். தீவில் பழுதாகிக் கிடந்த ஒரு மோட்டார் படகை ரிப்பேர் செய்தும் கொடுத்தார்கள். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். எதிரியின் தீவில் உட்கார்ந்து எதிரியின் படகுக்கு ஸ்பானர் பிடித்த அந்த ஃபிட்டர் யார் என்று யோசித்துப் பார்ப்பேன்.

அடிப்பாகத்துக்குச் சிவப்பு அடித்தாயிற்று. அதன்மேல் மெல்லிய பச்சைக் கறை கொஞ்சம் கொடுக்கப் போகிறேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கத்தி, ட்வீசர், ஏர்பிரஷ், கம்ப்ரஸர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். ஹல்லுக்கு வைக்கவில்லை, பெயின்ட் கெட்டுவிடும். அவள் ஒரு செம்பருத்தியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

பையன் வேலை பார்க்கும் சரக்குக் கப்பல் சூயஸைத் தாண்டிவிட்டது. இனி தெற்கே, செங்கடல்.

"நல்லா இருக்கேன்பா. நாலு நாள் பேச முடியாது. அம்மாகிட்ட சொல்லிடு."

அக்டோபர் 15, செவ்வாய்

விடாத மழை. நாளைக்கு ரெட் அலர்ட். வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் முழங்கால் வரவில்லை, கணுக்கால்தான்.

ஏர்பிரஷ் வேலை கிடையாது. இந்த ஈரக் காற்றில் லாக்கர் பெயின்ட் அடித்தால் மேலே வெண்படலம் பூத்துவிடும். உட்கார்ந்து படகுகளைச் சுத்தம் செய்தேன். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரலின் மேல் கணு அளவுதான் இருக்கிறது. உள்ளே பலகை இருக்கைகள் வார்ப்பில் மொத்தமாக இருந்தன. அவற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வெட்டிப் போட்டேன். துடுப்புகளும் செய்ய வேண்டும்.

அக்டோபர் 17, வியாழன்

போனில் அவன் கப்பல் இருக்கும் இடத்தைக் காட்டும் பச்சை முக்கோணம் நேற்று சாயந்திரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கப்பல் நிற்கவில்லை, சிக்னலை அணைத்திருக்கிறார்கள். அணைப்பார்கள் என்று அவனே சொல்லியிருந்தான். தெரிந்தும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன்.

தூக்கம் வராமல் கபிங்கா பற்றி மறுபடியும் படித்தேன். 1914 செப்டம்பர் 12, வங்காள விரிகுடா. எம்டன் அந்தச் சரக்குக் கப்பலை நிறுத்தியது. கேப்டனின் குடும்பமும் அதில் இருந்தது. மூழ்கடிக்கவில்லை. மற்றக் கப்பல்களில் பிடித்த ஆட்களையெல்லாம் அதில் ஏற்றி இரண்டு நாள் கழித்துப் போகவிட்டார்கள். போகிறவர்கள் எம்டனைப் பார்த்து ஆரவாரம் செய்தார்களாம். தங்கள் கப்பல்களை மூழ்கடித்தவர்களைப் பார்த்து. செப்டம்பர் கடைசியில் கிரைஃப்வேல், அக்டோபரில் செயின்ட் எக்பர்ட், இரண்டும் அதே மாதிரி ஆட்களோடு விடப்பட்டவை.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது நடந்த முறையை. முதலில் நில் என்று சிக்னல். நிற்காவிட்டால் மூக்குக்கு முன்னால் ஒரு வெற்றுக் குண்டு. அப்புறம் ஒரு படகு இறங்கும். அதில் ஒரு அதிகாரியும் சில மாலுமிகளும் துடுப்புப் போட்டு வருவார்கள். ஏணியில் ஏறி வந்து பேப்பரைப் பார்ப்பார்கள். ஆட்கள் மூட்டை கட்டி இறங்க நேரம் கொடுப்பார்கள். ஆட்கள் இறங்கிய பிறகுதான் அடிவால்வைத் திறப்பார்கள். ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் முகத்தைப் பார்க்க நேர்ந்தது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் நல்லவர் என்பதற்குப் பக்கத்திலேயே அந்தப் படகையும் எழுதி வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்போது எந்தப் படகும் வருவதில்லை. ஏமனில் எங்கோ மலையிலிருந்து ஹூதிக்காரர்கள் ஏவுகணை அனுப்புகிறார்கள். அனுப்புகிறவனுக்கு ஒரு பெயரும் ஒரு எண்ணும்தான் தெரியும். எஞ்சின் ரூமில் யார் இருக்கிறான், அவன் வீட்டில் யார் முழித்திருக்கிறார்கள் என்று அவன் எப்படிப் பார்ப்பான்?

மணி மூன்று. முக்கோணம் அங்கேயே.

அக்டோபர் 18

வந்துவிட்டது. ஜிபூட்டி. அவள் வடபழனிக்குப் போயிருக்கிறாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

இன்று நல்ல வெயில். காலையிலேயே சாம்பல் அடித்து முடித்தேன். ஆமாம், சாம்பல்தான். 1914 செப்டம்பர் நடுவில், வங்காள விரிகுடாவில், படகு இறக்குகிற வேளை. அந்த நாள்தான் வேண்டும்.

படகு இறக்கும் டேவிட் கம்பங்களில் ஒரு ஜோடியைக் கடல் பக்கம் திருப்பி, கயிறுகளைத் தொங்கவிடுவேன். படகு தண்ணீரில் இருக்கும். அதில் ஆட்கள். இந்த அளவில் ஒரு ஆள் ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லை.

அக்டோபர் 25

தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் ஒரு பிடி கரி வாங்கி வந்து அம்மியில் வைத்து நசுக்கினேன். எதற்கு என்று அவர் கேட்டார். "கப்பலுக்கு அண்ணே" என்றேன். இன்னொரு துண்டும் சேர்த்துக் கொடுத்தார்.

எம்டனுக்குக் கரியே உயிர். 12 கொதிகலன், பழைய பிஸ்டன் எஞ்சின். கூடப் பிறந்த டிரெஸ்டனுக்கு டர்பைன் வைத்தார்கள், இதற்கு வைக்கவில்லை. அறைகள் நிரம்பியபின் தளத்திலும் கரியைக் கொட்டி வைத்துக்கொள்வார்கள், அடுத்து எங்கே கிடைக்குமோ என்று. பிடித்த கப்பலில் நல்ல வெல்ஷ் கரி இருந்தால் திருவிழா. இந்தியக் கரி என்றால் புகை ஊருக்கே தெரியும். 'இண்டஸ்' கப்பலில் அவர்களுக்குக் கிடைத்தது பெட்டி பெட்டியாகச் சோப்பு. கரி அள்ளிய உடம்புகளுக்கு அதைவிட என்ன வேண்டும்.

பீரங்கிகளுக்கு நடுவில் கரி மேடுகள் அழகாக உட்கார்ந்திருக்கின்றன. கப்பலில் ஆள் புழங்குகிற மாதிரி ஆகிவிட்டது.

அக்டோபர் 28

அவன் பேசினான். ஜிபூட்டியில் கோதுமை இறக்க வரிசையில் நிற்கிறார்களாம். வெயில் தாங்கவில்லை என்றான். "நீ என்னப்பா பண்ற?" என்றான். வீடியோவில் காட்டினேன். "புகைபோக்கி மூணுதானா?" என்று கேட்டான். பினாங்குக்குப் போகும்போது கான்வாஸில் நாலாவதாக ஒரு போலிப் புகைபோக்கி கட்டி, பிரிட்டிஷ் கப்பல் யார்மத் மாதிரி வேஷம் போட்டதைச் சொன்னேன். இன்றைய தேதிதான் அது. ஒரு ரஷ்யக் கப்பலும் ஒரு பிரெஞ்சுக் கப்பலும் போயின. சிரித்தான். திரும்பி எந்த வழி என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. இரவு முழுக்க வெடி. அவள் ஜன்னலை மூடிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை. இந்த ஊர் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. உயர்நீதிமன்றக் கட்டடத்தின் மேல்தான் அப்போது கலங்கரை விளக்கம். அரை மணி நேரத்துக்குள் 120-க்கு மேல் குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனி டாங்குகள் பற்றி எரிந்தன. ஆயிரக்கணக்கானவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். துறைமுகத்தில் நின்ற 'சுப்ரா' கப்பலில் குண்டு விழுந்து ஆட்கள் செத்தார்கள்.

சுப்ராவும் சரக்குக் கப்பல்தானே. கபிங்காவில் இருந்தவர்களைக் கைகாட்டி அனுப்பிய அதே முல்லர், எட்டே நாள் கழித்து. அவர் குறி எண்ணெய் டாங்குகள்தான், ஊரை அழிக்க வரவில்லை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சரி. ஆனால் அன்று இருட்டில் தூரத்திலிருந்து சுட்டார். படகு இறங்கவில்லை. எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நவம்பர் 4

பீரங்கிக் குழாய்கள். மொத்தம் பத்து. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, பக்கத்துக்கு மூன்று. 10.5 சென்டிமீட்டர் வாய் இந்த அளவில் 0.3 மில்லிமீட்டர். பெட்டியில் வந்தவை தடிமன். மருந்துக் கடையில் ஊசிகள் வாங்கி வந்து அறுத்துப் பொருத்தினேன். வாய் நிஜமாகவே திறந்திருக்கிறது.

அவளுடைய சர்க்கரை இன்று 240.

நவம்பர் 9, சனி

கோகோஸ் தீவுகள். எம்டன் முடிந்து 110 வருடம்.

டைரக்‌ஷன் தீவில் தந்தி நிலையத்தை உடைக்க 50 பேரைக் கரைக்கு அனுப்பியிருந்தார்கள். நீராவிப் படகு, பின்னால் கட்டி இழுத்த இரண்டு படகுகள். தூரத்தில் புகை தெரிந்தது. எம்டன் சங்கு ஊதி ஊதி அழைத்தது. படகுகள் வந்து சேர்வதற்குள் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. வந்தது ஆஸ்திரேலியாவின் சிட்னி, எம்டனைவிடப் பெரிய கப்பல், பெரிய பீரங்கி. கடைசியில் மூழ்காமல் இருக்க முல்லர் வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறையில் கப்பலை ஏற்றினார். 130 பேருக்கு மேல் செத்தார்கள். கரையில் விடப்பட்ட 50 பேர் ஆயிஷா என்ற பழைய பாய்க்கப்பலை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். அந்தப் பயணம் அரேபியா வரை போயிற்று. செங்கடல் கரை வழியாகத்தான் மேலே ஏறினார்கள்.

தாத்தா காலத்திலிருந்து செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தார் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். ஆனாலும் நம்மூர்க்காரர் ஒருவரை அந்தக் கப்பலில் ஏற்றிப் பார்க்க ஏன் அத்தனை பேருக்கும் ஆசை என்று புரிகிறது. உண்மையில் நம்மவர்கள் இருந்தது எதிர்ப்பக்கம். பிடிபட்ட பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களில் கரி தள்ளியவர்கள், சமைத்தவர்கள், கயிறு இழுத்தவர்கள். லாஸ்கர்கள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். கேப்டன்களின் பெயர் கிடைக்கிறது. இவர்களின் பெயரை எங்கே தேடுவது?

நவம்பர் 13

சின்னப் படகில் ஏழு ஆட்களை உட்கார வைத்தேன்.

நவம்பர் 16, சனி

அவனுக்குப் பதிலாக ஏற வேண்டிய ரிலீஃப் ஆள் வரவில்லை. விசாவாம். கான்ட்ராக்ட் போன மாதமே முடிந்துவிட்டது. ஏஜென்டுக்குப் போன் செய்தால் "அடுத்த போர்ட்ல பாக்கலாம் சார்" என்கிறார். அடுத்த போர்ட் வடக்கே இருக்கிறது. அதே செங்கடல் வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

எதையும் தொடவில்லை இன்று.

நவம்பர் 17

இன்றும்.

நவம்பர் 21

பாரிமுனைக்குப் போனவன் உயர்நீதிமன்றத்தின் கிழக்குச் சுவர்ப் பக்கமாக நடந்தேன். எம்டன் குண்டு விழுந்த இடத்துக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. மழையில் நின்று படித்தேன். பேருந்துக்குக் காத்திருந்த ஒரு பையன் நான் என்ன பார்க்கிறேன் என்று அவனும் வந்து பார்த்தான். அவனுக்குக் கதை முழுக்கச் சொன்னேன். பஸ் வந்தும் ஏறாமல் கேட்டான். கபிங்காவையும் சொன்னேன், சுப்ராவையும் சொன்னேன்.

நவம்பர் 26, செவ்வாய்

கயிறு வேலை தொடக்கம். பெட்டியில் மிச்சமிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்தியில் காட்டி, இளகியதும் இரண்டு கையாலும் இழுத்தால் முடியைவிட மெல்லிய நூல் வரும். நீளத்துக்கு வெட்டி இரண்டு முனையிலும் பசை. அது தொய்ந்துதான் நிற்கும். ஊதுபத்திக் கங்கை தொடாமல் பக்கத்தில் கொண்டுபோனால் சடக்கென்று விறைத்துக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டர் கிட்டப் போனால் அறுந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. அந்த நேரத்தில் வேறு எதுவும் தலையில் ஓடாது. முன் மாஸ்ட்டுக்கும் முதல் புகைபோக்கிக்கும் நடுவே எல்லாம் கட்டிவிட்டேன்.

கோதுமை இறக்கி முடித்துவிட்டார்களாம்.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். நாள் முழுக்க ஜன்னல் அதிர்கிறது. கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் 31. கப்பலை மேஜையிலிருந்து எடுத்து அவன் பீரோவுக்குள், துணிகளுக்கு நடுவில் வைத்தேன். அவனுடைய நீலச் சட்டை ஒன்றைச் சுற்றிலும் அணைத்து விட்டிருக்கிறாள்.

"எப்பங்க கெளம்பறான்?"
"செவ்வாக்கிழமை மாதிரி இருக்கும்."
"அந்த வழிதானா?"
"ம்."

டிசம்பர் 2, திங்கள்

கரண்ட் நேற்றே வந்தது. கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே ஒரு நூல் தொய்ந்திருந்தது, விறைப்பாக்கிவிட்டேன். பின் மாஸ்ட்டுக் கயிறுகளும் கொடியும்தான் பாக்கி. படகின் துடுப்புகளை மரநிறத்தில் தொட்டேன். அதிகாரியைப் பின்பக்கம் அமரத்தில் உட்கார வைத்தாயிற்று. முகம் எதிர்க் கப்பலைப் பார்த்து.

காலையில் அவன் பேசினான். ஒரு நிமிடம்தான். "அஞ்சாம் தேதி கூப்பிடறேன்பா" என்றான். ஊதுபத்தி தீர்ந்துவிட்டது, கடைக்குப் போக வேண்டும். அவள் தானும் வருகிறேன் என்கிறாள்.