ஒரு காது ஹெட்போனில், ஒரு காது மானிட்டரில்

அறைக்குள் இரண்டு மாதம் டிஜே வேலை பழகிவிட்டு முதல் தடவை ஒரு பெரிய ஹாலில் வாசித்தேன். ஹெட்போனில் அடுத்த பாட்டை ஓட விட்டு, ஹாலில் ஓடும் பாட்டோடு சேர்த்தேன். கிக்கின் (தாளத்தில் 'டும்' என்று விழும் டிரம் அடி) மேல் கிக் அச்சாக உட்கார்ந்தது. புதுப் பாட்டு ஹாலில் கேட்க அதன் சத்த ஃபேடரை ஏற்றினேன். 'டும் டும்' என்று விழ வேண்டியது 'டுடும் டுடும்' என்று குதிரை ஓடுகிற மாதிரி விழுந்தது.

தப்பு கையில் இல்லை. ஹாலின் ஸ்பீக்கர்கள் என்னிடமிருந்து சுமார் 10 மீட்டர் தள்ளி இருந்தன. ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 30 மில்லி செகண்ட் ஆகும். ஹெட்போனுக்கோ அந்தத் தாமதம் கிடையாது. தாமதமாக வந்த சத்தத்தோடு புதுப் பாட்டைப் பொருத்தியதால், அதுவும் அதே 30 மில்லி செகண்ட் பிந்திவிட்டது. பக்கத்திலேயே ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் வைத்துக்கொள்வது இதற்காகத்தான். மானிட்டர் இல்லையென்றால் க்யூ-மிக்ஸ் குமிழை (ஹெட்போனில் எந்தப் பாட்டு எவ்வளவு கேட்கும் என்பதை மாற்றுவது) நடுவில் வைத்து, இரண்டு பாட்டையும் ஹெட்போனிலேயே கேட்டுச் சேருங்கள். புளூடூத் ஹெட்போன் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். அதன் தாமதம் இன்னும் அதிகம்.

சரி, வேகத்தைப் பொருத்துவது எப்படி? 125 பிபிஎம் (நிமிடத்துக்கு 125 பீட்) பாட்டோடு 126 பிபிஎம் பாட்டை ஒரே நொடியில் தொடங்கினால், ஒவ்வொரு பீட்டுக்கும் கிட்டத்தட்ட 4 மில்லி செகண்ட் விலகும். எட்டு பீட் போனதும் 30 ஆகிவிடும், மேலே சொன்ன அதே குதிரை ஓட்டம்தான். ஒரு நிமிடத்தில் ஒரு முழு பீட் தள்ளிப் போயிருக்கும்.

விலகுவது காதுக்குத் தெரிந்துவிடும். எது முந்துகிறது என்பதுதான் பிடிபடாது. நான் இதில் பல வாரம் திணறினேன். கடைசியில் கை கொடுத்தது ஒரு சின்னத் தந்திரம்: புதுப் பாட்டின் வேகத்தை மாற்றும் பிட்ச் ஃபேடரை வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாக வைத்துத் தொடங்குவது. அது பின்தங்கும் என்பது முன்பே தெரியும், அதனால் கையால் சுழற்றும் வட்டத் தட்டான ஜாக் வீலை முன்னோக்கி மட்டும் தள்ளினால் போதும். தள்ளிச் சேர்த்த பிறகும் மறுபடி பின்தங்கினால் ஃபேடரை மயிரிழை அளவு வேகப்பக்கம் நகர்த்துங்கள். வீலில் தள்ளுவது அந்த நேரத்து விலகலை மட்டும்தான் சரிசெய்யும், வேகத்தை மாற்றாது. இது புரியாமல் வீலையே சுற்றிக்கொண்டிருந்த நாட்கள் எனக்கு நிறைய.

பழக, ஒரே பாட்டை இரண்டு டெக்கிலும் (பாட்டை ஓட்டும் கருவி) போட்டு, ஒன்றின் பிட்ச் ஃபேடரைக் கண்ணை மூடிக்கொண்டு நகர்த்திவிடுங்கள். பிபிஎம் காட்டும் திரையைக் காகிதத்தால் மூடிவிட்டு, காதால் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கிக் மட்டும் கேட்டுக் குழம்பினால் டிரம்ஸின் ஸ்னேரையோ ஹைஹேட்டையோ கவனியுங்கள். கூர்மையான சத்தத்தில் இரட்டிப்பு சீக்கிரம் தெரியும். வேகத்தைத் தானே பொருத்தும் சிங்க் பட்டன் இருக்கிறதே என்பீர்கள். தாராளமாக அழுத்துங்கள், நானும் அழுத்துவேன். ஆனால் டிரம்மர் நேரடியாக வாசித்த பழைய பாட்டில் வேகம் ஏறி இறங்கும். சிங்க் நம்பியிருக்கும், பீட்டுக்கு மென்பொருள் போட்ட கட்டங்கள் அங்கே அடிக்கடி பிசகும்.

அப்புறம் சத்தம். ஹெட்போன் கேட்கவில்லை என்றால் கை தானாக அதன் குமிழை ஏற்றப் போகும். நான் அப்படி ஏற்றி ஏற்றி, வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் காதில் 'கீ' என்று கேட்டுக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் முதலில் மானிட்டரைக் குறைக்கிறேன். பெரும்பாலும் அதுவே போதுமாக இருக்கிறது.