விவசாயிகளின் பதில்களை ஆர் மொழியில் எண்ணும்போது

“பெரும்போகத்தில் உங்களுக்கு என்ன கஷ்டம்?” என்று மட்டக்களப்பு விவசாயிகளிடம் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே பதிந்து வைத்த பதில்களை ஆர் என்ற புள்ளிவிவரக் கணினி மொழியில் ஆராயும் வழி இது. தமிழில் வேலை செய்யும்போது ஆர் பிழை காட்டி நிற்பது குறைவு. சத்தமில்லாமல் பிழையான எண்ணைத் தருவதுதான் அதிகம். அதுதான் ஆபத்து.

விண்டோஸ் கணினியென்றால் ஆர் 4.2 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பைப் போடுங்கள். 2022இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்துதான் விண்டோஸிலும் எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யூடிஎஃப்-8 இயல்பான குறிமுறையாயிற்று. எக்செல் கோப்பை ரீட்எக்செல் என்ற ஆர் தொகுப்பால் (கூடுதல் கட்டளைகளின் பொதி) நேராக வாசிப்பது நல்லது. சாதாரண சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பாக) சேமித்தால் தமிழ் முழுதும் கேள்விக்குறியாகிவிடும், அதை மீட்க முடியாது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பு வந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினியில் கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னால் வரும், யூனிகோடில் பின்னால் வரும். ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மட்டும் போதாது, இடமும் மாற வேண்டும்.

அடுத்தது ஸ்ட்ரிங்கி தொகுப்பின் என்எஃப்சி மாற்றம், அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒரே வடிவாக்குவது. இதை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். “கொ” என்பதைச் சிலர் ஒரே குறியாகவும் சிலர் கொம்பும் அரவுமாக இரண்டு குறிகளாகவும் அடித்திருப்பார்கள். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் எண்ணிக்கை அட்டவணையில் கொக்கட்டிச்சோலை என்ற ஒரே ஊர் இரண்டு வரிகளில் நிற்கும்.

நிறுத்தற்குறிகளை நீக்கும் இடத்திலும் கவனம். ‘எழுத்து’ வகையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்தால் புள்ளியும் உயிர்க்குறிகளும் சேர்ந்து போய்விடும். “மட்டக்களப்பு” என்பது “மடடககளபப” ஆகும். யூனிகோடில் அவை வேறு வகை. எனவே எழுத்து வகையோடு ‘குறி’ வகையையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும். நீளம் பார்க்கும்போதும் இதே கதைதான்: அந்தச் சொல்லுக்கு நீளம் சொல்லும் என்கார் கட்டளை குறிகளையும் தனித்தனியே எண்ணி 12 என்று சொல்லும், நாம் எண்ணினால் 8 எழுத்து.

இடப்பெயர்தான் அதிக நேரம் எடுக்கும். மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள், அவற்றில் ஐந்து கோறளைப்பற்று என்றே தொடங்குகின்றன. எழுத்துப்பிழையைச் சரிசெய்ய ஏடிஸ்ட் கட்டளையால் தொலைவு (ஒரு சொல்லை மற்றதாக்க எத்தனை மாற்றங்கள் வேண்டும் என்ற எண்ணிக்கை) பார்த்து, 2 வரை ஒன்றென்று எடுத்தால் “கோரளை” என்று எழுதியது சரியாகச் சேரும். ஆனால் “கோறளைப்பற்று மேற்கு”, “கோறளைப்பற்று தெற்கு” இரண்டுக்கும் இடையிலும் தொலைவு 2தான். மேற்குப் பிரிவான ஓட்டமாவடியும் தெற்குப் பிரிவான கிரானும் ஒன்றாகிவிடும்! போதாததற்கு, சனங்கள் வாகரை, செங்கலடி, வெல்லாவெளி என்றுதான் சொல்வார்கள். கோறளைப்பற்று வடக்கு, ஏறாவூர்ப்பற்று, போரதீவுப்பற்று என்ற பெயர்கள் படிவங்களில்தான். இதற்கு எந்தத் தொலைவுக் கணக்கும் உதவாது. வழக்குப் பெயர், பிரிவின் பெயர் என்று இரண்டு நிரல்களில் ஒரு அட்டவணையைக் கையால் தயாரித்து, அட்டவணைகளைப் பொருத்தும் லெஃப்ட்ஜாயின் கட்டளையால் பதில்களோடு இணையுங்கள். எது பொருந்தவில்லை என்பதை ஆன்டிஜாயின் கட்டளை காட்டும். அது வெறுமையாகும்வரை அட்டவணையில் சேர்த்துக்கொண்டே போங்கள்.

பிறகுதான் சொற்கள். யானை, யானையால், யானைத் தொல்லை எல்லாவற்றையும் “யானை” என்ற தொடக்கத்தால் பிடித்துவிடலாம். வெள்ளம் அப்படி அடங்காது. வெள்ளத்தால், வெள்ளப்பெருக்கு என்று வருவதால் “வெள்ள” என்று தேடத் தோன்றும். தேடினால் வெள்ளையும் வெள்ளரியும் வரும், எல்லாவற்றையும்விட வெள்ளாமை வரும். எங்கள் பக்கத்து விவசாயி வாயில் நெற்செய்கைக்கு அதுதானே பெயர்? “வெள்ளாமை நல்லம்” என்றவரும் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவராகக் கணக்கில் ஏறிவிடுவார். “வெள்ள”வுக்கு அடுத்து எந்தக் குறியும் வரக்கூடாது, “ரி”யும் வரக்கூடாது என்ற எதிர்மறை நிபந்தனையைத் தேடல் வடிவத்தில் சேர்த்தால் இவை ஒதுங்கும். ஸ்னோபால்சி தொகுப்பில் தமிழுக்கு அடிச்சொல் பிரிப்பான் (விகுதிகளை வெட்டி அடிச்சொல்லைத் தருவது) இருக்கிறது. ஆனால் அது வெட்டித் தரும் துண்டுகளைப் பார்க்காமல் நம்ப வேண்டாம். எந்த வடிவத்தை எழுதினாலும், பொருந்திய பதில்களில் 30ஐயும் பொருந்தாதவற்றில் 30ஐயும் எழுமாற்றாக எடுத்துக் கண்ணால் வாசியுங்கள்.

வரைபடத்தில் கொம்பு இடம்மாறி, புள்ளி தனியே நின்றால் எழுத்துருவை மட்டும் குறை சொல்லாதீர்கள், படத்தை வரையும் கருவிக்கு எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை. வரைபடத்தைச் சேமிக்கும் ஜிஜிசேவ் கட்டளையில் ராக் தொகுப்பின் பிஎன்ஜி கருவியைக் குறிப்பிட்டு, நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நிர்மலா எழுத்துருவைக் கொடுத்தால் சரியாக வரும். பிடிஎஃப் வேண்டுமென்றால் கெய்ரோ பிடிஎஃப் என்ற கருவியைக் கொடுங்கள். வழமையான பிடிஎஃப் கருவியில் தமிழ் வராது.