ஜோங்காவுக்கு டிஸ்க் பிரேக்

ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் 1969 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இராணுவத்துக்காகத் தயாரான ஜோங்கா, நிஸான் பேட்ரோல் 60 வண்டியின் இந்திய வடிவம். அதன் ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜினின் இழுவையில் எனக்கு இன்றும் குறை தெரியவில்லை. ஆனால் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் உள்ள அந்த வண்டியை மலையிலிருந்து இறக்கும்போது மனம் நிம்மதியாக இருந்ததே இல்லை. டிரம் பிரேக்கில், சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து ஷூக்கள் அழுத்தி நிறுத்தும். டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் மேலும் மேலும் கீழே போகும். ஓடையில் இறங்கி ஏறினால் உள்ளே புகுந்த நீரும் சேறும் எளிதில் வெளியேறாது. ஆனைகட்டிப் பக்கம் ஓர் ஓடையைக் கடந்த பின் பிரேக்கை மிதித்ததும், வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. முன் சக்கரங்களுக்கு, திறந்த வட்டத் தகட்டைப் பேடுகள் இருபுறமும் கவ்வி நிறுத்தும் டிஸ்க் பிரேக் போடுவதென்று அன்று முடிவு செய்தேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதால், முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொண்டேன். டிரம்மின் பின்தட்டு இருந்த இடத்தில் பேடுகளை அழுத்தும் காலிப்பரைத் தாங்க 12 மி.மீ. இரும்புத் தகட்டில் பிராக்கெட் வெட்டி, சக்கரத்தின் மையமான ஹப்பை லேத்தில் கடைந்து டிஸ்க்கைப் பொருத்தினோம். டயல் கேஜ் வைத்துப் பார்த்தபோது டிஸ்க்கின் பக்கவாட்டு ஆட்டம் 0.1 மி.மீட்டருக்குள் இருந்தது. இந்த வேலை இரண்டே நாளில் முடிந்தது.

நான் தவறியது, பெடலை மிதித்ததும் ஆயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில். செலவைக் குறைக்கப் பழையதையே விட்டுவைத்தேன். பத்து கிலோமீட்டர் ஓடியதும் வண்டி இழுக்கச் சிரமப்பட்டது, பெடல் கல்லாக இறுகியது, முன் சக்கரத்தருகே கருகல் வாடை வந்தது. ஜாக்கியில் ஏற்றிக் கையால் திருப்பினால் சக்கரம் அசையவில்லை. ஏர் எடுக்கும் நிப்பிளைச் சற்றே தளர்த்தியதும், பெடலில் யார் காலும் இல்லாத நிலையில் ஆயில் பீய்ச்சி அடித்தது. அடுத்த நொடி சக்கரம் தடையின்றிச் சுழன்றது.

காரணம், டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரின் வாயில் இருக்கும் சிறிய வால்வு. சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் கப் சுருங்கிக் காற்று புகாதிருக்க, அது குழாயில் சுமார் 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தத்தைத் தேக்கி வைக்கும். டிரம்மில் ஷூவைப் பின்னிழுக்க ஸ்பிரிங் உண்டு. காலிப்பரில் அது கிடையாது என்பதால், அதே அழுத்தம் பேடை டிஸ்க்கோடு ஒட்டியே வைத்து உரசவிடுகிறது. மாஸ்டர் சிலிண்டர் வண்டித் தளத்துக்கு அடியில், காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும் வில்லிஸ் ஜீப்பில், ஆயில் திரும்பி வடியாதிருக்க டிஸ்க்குக்கும் 2 பிஎஸ்ஐ வால்வு தேவை. அதற்கு மேல் கூடாது.

பின் சக்கரங்களில் டிரம் தொடர்வதால் வால்வைக் கழற்றி எறியவும் முடியாது. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழியுள்ள இரட்டை மாஸ்டர் சிலிண்டரை வாங்கி, வால்வைப் பின்வழியில் மட்டும் வைத்தேன். ஒரு குழாய் வெடித்தால் நான்கு பிரேக்கும் போகும் பழைய ஆபத்தும் அதோடு நீங்கியது. ஜோங்கா வைத்திருப்பவர்கள் டிஸ்க் போடாவிட்டாலும் மாஸ்டர் சிலிண்டரையாவது இப்படி இரட்டையாக மாற்றும்படி வேண்டுகிறேன். டிரம்மில் சுழற்சியே ஷூவை உள்ளிழுத்து அழுத்தும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லாததால் மிதிக்கும் விசையைப் பெருக்கும் பூஸ்டரும் சேர்த்தேன்.

சென்ற மாதம் வால்பாறையிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஆழியாறில் நிறுத்தி, இரு முன் சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோனேன். வெப்பம் இருபுறமும் ஒரே அளவாக இருந்தது.