தீப்பெட்டி டெலிபோன்

காலி தீப்பெட்டி ரெண்டு, தையல் நூல் பத்துப் பதினைந்து அடி. செல்போன் வராத காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சாயங்காலம் ஓட இது போதும்.

உள்தட்டின் அடியில் நடுவாக ஊசியால் ஒரு துளை. நூலை உள்ளே இழுத்து, ஒடித்த தீக்குச்சித் துண்டில் கட்டணும். வெறும் முடிச்சு போட்டால் இழுத்த இழுப்பில் அட்டை கிழிந்து நூல் கையோடு வந்துவிடும்.

பலரும் கோட்டை விடுவது நூலைத் தளரவிட்டுத்தான். பேசும்போது அட்டை அதிரும். அந்த அதிர்வு விறைப்பான நூலில்தான் மறுமுனை வரை ஓடும். சுவர் மூலையில் நூல் உரசினாலோ, நடுவில் யாராவது விரலால் பிடித்தாலோ பேச்சு அங்கேயே அமுங்கிப்போகும். (பிடிப்பதற்கென்றே ஒரு வாண்டு எல்லாக் கூட்டத்திலும் இருக்கும்!)

ஒருவர் வாயில் வைத்தால் மற்றவர் காதில். ரெண்டு பேருமே பேசினால் யாருக்கும் ஒன்றும் கேட்காது.