இரைச்சலின் மறைவில் ஒற்றன்

இரு செல்வர்கள் தத்தம் சொத்துக் கணக்கை வெளியிடாமலேயே யாருடையது பெரிது என்று அறிய முடியுமா என்ற புதிரைக் கணினி அறிவியலாளர் ஆண்ட்ரூ யாவ் 1982இல் முன்வைத்தார். இருவரிடமும் இருப்பது ஒரே எண்தானா என்று மட்டும் கேட்கும் அதன் எளிய வடிவத்துக்கான குவாண்டம் தீர்வுகளைச் சில வாரங்களாகப் படித்துவருகிறேன். இத்தகைய இருதரப்புக் கணக்கீடுகளுக்கு நிபந்தனையற்ற பாதுகாப்பைக் குவாண்டம் இயற்பியலாலும் தர இயலாது என்று இயற்பியலாளர் ஹோய்-குவோங் லோ 1997இல் காட்டிய பிறகு, மூன்றாம் தரப்பு ஒருவரை அமர்த்துவதே வழக்கமாயிற்று. நெறிமுறையை மீறாமல், ஆனால் கையில் கிடைத்ததைக் கொண்டு துருவிப் பார்க்கக்கூடியவராக அவரைக் கருதுகிறார்கள். இந்த அரை நேர்மையாளர்மீது எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.

என்னை அதிகம் ஈர்த்தது இரைச்சல்தான், அதாவது தகவல் செல்லும் வழியில் தானாகவே நேரும் குலைவு. ஒற்றுக் கேட்பவரைப் பிடிக்க, தகவல் சுமக்கும் ஒளியன்களுக்கிடையே (ஃபோட்டான்கள்) பொய் ஒளியன்களைக் கலந்து அனுப்பி, பின்னர் அவற்றில் எத்தனை பிழைபட்டன என்று பார்க்கிறார்கள். ஆனால் வெப்பமும் அழுத்தமும் மாறும்போது ஒளியிழையே ஒளியன்களின் முனைவாக்கத்தை, அதாவது ஒளி அதிரும் திசையை, திரித்துப் பிழையை உண்டாக்கிவிடுகிறது. அதற்காக அனுமதிக்கும் பிழையளவை உயர்த்தினால், ஒற்றன் அந்த இழைக்குப் பதிலாகத் தரமான இழையைப் பொருத்தி, மிச்சமாகும் பிழையளவுக்குள் தன் வேலையை மறைத்துக்கொள்வான்.

இதற்குக் கண்டிருக்கும் வழி அழகானது. அடுத்தடுத்து விரைந்து செல்லும் இரு ஒளியன்களை இழை ஏறத்தாழ ஒரே விதமாகவே பாதிக்கும். எனவே ஒவ்வொரு மதிப்பையும் தனி ஒளியனில் அல்லாமல் ஓர் இணையில் ஏற்றுகிறார்கள். ஒளியனின் முனைவாக்கம் குறிக்கும் சுழியம் (0), ஒன்று (1) என்ற இரு நிலைகளில், சுழியத்தை விட்டுவிட்டு ‘ஒன்று’ நிலையின் கட்டத்தை (அலை தன் சுழற்சியில் இருக்கும் இடத்தை) மட்டும் மாற்றும் இரைச்சல் என்று வைத்துக்கொண்டால், சுழியம்-ஒன்று, ஒன்று-சுழியம் என்ற இரு இணைகளிலும் சரியாக ஓர் ஒன்றுதான் உள்ளது. எனவே இரண்டும் ஒரே கட்டமாற்றத்தைப் பெறுகின்றன, அது எந்த அளவீட்டிலும் தென்படுவதில்லை. பிழை திருத்தப்படவில்லை, தகவலைத் தொடாமல் கடந்துபோகிறது. பொய் ஒளியன்களையும் இவ்வாறே இணைகளாக்க வேண்டும், இல்லையேல் சோதனையே பிழைபடும். முனைவாக்கத்தைச் சுழற்றும் இரைச்சலுக்கு, இரு ஒளியன்களும் ஒன்றோடொன்று பின்னிப்பிணைந்த வேறு இரு நிலைகள் உண்டு.

ஆனால் ஒளியன் தொலைந்துபோவதற்கு இந்த உத்தியில் மருந்தில்லை. பாதி ஒளியன்களை மட்டுமே கடத்தும் இழையில் இணையாகச் செல்பவற்றில் கால்பங்குதான் முழுதாகச் சேரும். எல்லா ஒளியன்களையும் ஒரே விதமாகப் பாதிக்கும் எந்த இரைச்சலையும் தாங்கும் நான்கு ஒளியன் நிலைகளிலோ 16இல் ஒன்றே மிஞ்சும்.